அரத்தின் கையெழுத்து

தமிழில் ‘நாட்டு’ என்ற அடைமொழிக்குத் தனி மதிப்பு உண்டு. நாட்டுக் கோழி, நாட்டுச் சர்க்கரை, நாட்டு மாடு என்று எதன் முன்னால் வந்தாலும் விலையும் கூடும், நம்பிக்கையும் கூடும். துப்பாக்கியின் முன்னால் வரும்போது மட்டும் அதே சொல் காவல் நிலையச் செய்தியாகிவிடுகிறது. ‘நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்’ என்று படித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். அதை யார் செய்தார், எதைப் பார்த்துச் செய்தார், எந்த இரும்பில் செய்தார் என்று கேட்கும் வழக்கம் நமக்கில்லை.

அப்படிக் கேட்பவர்கள் வேறு நாடுகளில் இருக்கிறார்கள். இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மலைகளில், பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகளைப் பார்த்து உள்ளூர்க் கொல்லர்கள் கையால் செய்த நகல்களை அவர்கள் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். சிலர் அவற்றில் தோட்டா போட்டுச் சுட்டும் பார்க்கிறார்கள். சேகரிப்பாளர் உலகில் இவற்றுக்குப் பொதுப் பெயர் ‘கைபர் கணவாய்த் துப்பாக்கி’. பெயரிலேயே ஒரு பிழை இருக்கிறது. இந்தத் தொழிலின் தலைநகரான தர்ரா ஆதம் கேல் கைபர் கணவாயில் இல்லை. பெஷாவருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், கோஹாட் செல்லும் மலைப்பாதையில் இருக்கிறது.

இந்தத் துப்பாக்கிகளைச் சுற்றி மூன்று கேள்விகள் நெடுநாளாக உண்டு. இவை போலிகளா, கைவினைப் பொருள்களா? சேர்த்து வைக்கும் தகுதி இவற்றுக்கு இருக்கிறதா? இவற்றைச் சுடலாமா? மூன்றையும் தனித்தனியாகப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது என்பது என் எண்ணம். முதல் கேள்விக்குச் சரியான விடை கிடைத்தால் மற்ற இரண்டும் தாமே தெளியும்.

மலையில் பிறந்த தேவை

நகலெடுக்கும் வழக்கம் அந்த மலைகளில் பிரிட்டிஷ் ரைஃபிள்களோடு தொடங்கவில்லை. அதற்கு முன்பே ஆப்கானியரின் கையில் ஜெஸாயில் இருந்தது. நீண்ட குழல், வளைந்த கட்டை, சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் விசைப்பூட்டு. பல ஜெஸாயில்களில் அந்தப் பூட்டு மட்டும் கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கியிலிருந்து கழற்றி வைத்ததாக இருக்கும். கம்பெனிப் பூட்டு கிடைக்காதபோது உள்ளூரிலேயே ஒன்றைச் செய்து, கம்பெனியின் சிங்க முத்திரையையும் அதில் வெட்டிவிடுவார்கள். அந்த முத்திரை இருந்தால் பூட்டு நம்பகமானது என்று வாங்குபவர் நினைத்தார். வேறொருவரின் முத்திரையைத் தன் சரக்கில் இடும் பழக்கம் அங்கிருந்து வருகிறது.

பிரிட்டிஷ் ராணுவம் 1871-ல் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளை ஏற்றுக்கொண்டபோது நிலைமை மாறியது. மருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் இடித்துச் சுட வேண்டியதில்லை. கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால் உள்ளேயிருக்கும் இரும்புக் கட்டி இறங்கி வழிவிடும். காலித் தோட்டா வெளியே தெறிக்கும். புதியதை வைத்து நெம்புகோலை மேலே இழுத்தால் துப்பாக்கி தயார். கருமருந்தால் தள்ளப்படும் 31 கிராம் ஈயக் குண்டு. 1879-ல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட்டில் ஜூலு வீரர்களை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களின் கையில் இருந்தது இதுதான்.

அந்த மலைகளின் அஃப்ரிதிகளுக்கும் மற்றப் பஷ்தூன் குலங்களுக்கும் அப்படியொரு ரைஃபிள் வேண்டியிருந்தது. கிடைத்த வழிகள் மூன்று. முதலாவது திருட்டு. எல்லைப்புறப் பாசறைகளில் ரைஃபிள் திருடர்களுக்கு அஞ்சி, இரவில் துப்பாக்கிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்தார்கள். இரண்டாவது கடத்தல். மஸ்கட் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு மக்ரான் கடற்கரை வழியாக ஆப்கானிஸ்தானை அடைந்து, அங்கிருந்து மலைகளுக்குள் வந்தது. பிரிட்டிஷ் கடற்படை பாரசீக வளைகுடாவில் காவல் போட்டது. 1912-ல் மஸ்கட் சுல்தான் ஆயுதங்களுக்கென்று அரசுக் கிடங்கு ஏற்படுத்தியதோடு அந்த வணிகம் ஒடுங்கியது. மூன்றாவது வழி தாங்களே செய்துகொள்வது. 1890-களின் இறுதியில் தர்ராவில் உலைகள் எரியத் தொடங்கின. 1897-98-ல் தீரா மலைப்பகுதியில் பிரிட்டிஷாருக்கும் அஃப்ரிதிகளுக்கும் போர் நடந்த அதே காலம்.

அடுத்த தலைமுறைத் துப்பாக்கி லீ-என்ஃபீல்டு. 1895-ல் வந்தது. நம் ஊரில் காவலர்கள் தோளில் பார்த்துப் பழகிய ‘த்ரீ நாட் த்ரீ’ அதுதான். உத்தரப் பிரதேசக் காவல் துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான் அதற்கு விடைகொடுத்தது. தர்ராவின் கொல்லர்கள் மார்ட்டினியைக் கைவிடாமலே இதையும் செய்யக் கற்றார்கள்.

பட்டறை

கொல்லன் பட்டறையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு தர்ராவின் பழைய பட்டறை அன்னியமாக இராது. கரி உலை, துருத்தி, பட்டடைக் கல், குறடு, கையால் சுற்றும் துளைக்கருவி, எல்லாவற்றுக்கும் மேலாக அரம். பழைய தண்டவாளம், வண்டி அச்சு என்று கிடைத்த எஃகெல்லாம் மூலப்பொருள். வேலைப் பங்கீடும் உண்டு. ஒருவர் குழலைத் துளைப்பார், ஒருவர் அதனுள் சுழல்வரி இழுப்பார், ஒருவர் கட்டை செதுக்குவார், சிறுவர்கள் அரம் தேய்ப்பார்கள். வரைபடம் கிடையாது. பக்கத்தில் ஓர் அசல் துப்பாக்கி, அல்லது அசலைப் பார்த்துச் செய்த முந்தைய நகல் இருக்கும். கண்ணே அளவுகோல்.

இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆலையோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமையும் குறையும் சேர்ந்து புலப்படும். அந்த ஆலை 1850-களில் அமெரிக்க எந்திரங்களை இறக்கி, எந்தத் துப்பாக்கியின் உறுப்பும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்படி செய்யக் கற்றுக்கொண்டது. ஒவ்வோர் உறுப்பும் அளவுமானியில் நுழைந்து வெளிவர வேண்டும், தேறாதது குப்பைக்கு. தர்ராவில் ஒரு துப்பாக்கியின் திருகு இன்னொன்றில் ஏறாது. அதே கொல்லர் அதே வாரத்தில் செய்த இரண்டுக்கும் இது பொருந்தும். ஒவ்வொன்றும் தனிப்பிள்ளை.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அரிவாளைக் கையில் வாங்கிப் பார்த்ததும், அது எந்தப் பட்டறை அரிவாள் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் அப்படிப் பரவியதுதான். வளைவில் ஒரு குணம், காம்பு சேரும் இடத்தில் ஒரு குணம் இருக்கும். பெயர் பொறிக்காமலேயே கொல்லன் கையெழுத்துப் போட்டிருப்பான். எல்லைப்புறத் துப்பாக்கியைப் படிக்கும் வழியும் அதுதான்.

கையில் எடுத்துப் பார்த்தால்

ஒரு கைபர் மார்ட்டினியை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம். முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று நெம்புகோலை இறக்கி உறுதி செய்துகொள்ள வேண்டும். எந்தத் துப்பாக்கியைத் தொட்டாலும் இதுதான் முதல் வேலை.

வலப்பக்கத்து இரும்புப் பெட்டியைப் பாருங்கள். அசலில் அங்கே ஒரு கிரீடம், அதன்கீழ் விக்டோரியா அரசியைக் குறிக்கும் ‘வி.ஆர்.’, என்ஃபீல்டு என்ற பெயர், ஆண்டு, அரசு உடைமையைக் காட்டும் அகன்ற அம்புக்குறி, மாதிரி எண் எல்லாம் வரிசையாக இருக்கும். நகலிலும் இருக்கும். ஆனால் கிரீடம் சற்றே தலைப்பாகை போல உப்பியிருக்கும். என்ஃபீல்டு என்ற பெயரில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திரும்பியிருக்கும். சில சமயம் ஓர் எழுத்தே விடுபட்டுப் போயிருக்கும். செய்தவருக்கு அது எழுத்தாகத் தெரியவில்லை, கோலமாகத் தெரிந்தது. புள்ளி எண்ணாமல் பார்வையால் பிடித்த கோலத்தில் ஓர் இழை திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

உருப்பெருக்கியை அந்த எழுத்துகள்மேல் வையுங்கள். ஆலையில் முத்திரை அச்சை வைத்து ஒரே அடியில் இறக்குவார்கள். எழுத்தின் ஆழம் எங்கும் ஒன்றாக இருக்கும். இங்கே சிற்றுளியால் ஒவ்வொரு கோடாக வெட்டியிருக்கிறார்கள். கோட்டின் தொடக்கம் ஆழமாகவும் முடிவு மெலிந்தும் போகும். கை எங்கே தயங்கியது, எங்கே வழுக்கியது என்பதுகூடத் தெரியும்.

இனி ஆண்டு. விக்டோரியா 1901 ஜனவரியில் இறந்தார். அதற்குப் பிந்தைய ஆண்டைத் தாங்கிய துப்பாக்கியில் ‘வி.ஆர்.’ இருந்தால் அது என்ஃபீல்டில் பிறந்ததில்லை. குட்டை லீ-என்ஃபீல்டில் இந்தச் சோதனை இன்னும் எளிது. அந்த மாதிரியே 1903-ல்தான் வந்தது. ஆகவே புதிதாகச் செய்த ஒன்றில் விக்டோரியாவின் எழுத்துக்கு இடமே இல்லை. நகல் செய்தவர் பழைய மார்ட்டினியின் முத்திரையைப் பார்த்துப் புதிய துப்பாக்கியில் இட்டிருப்பார்.

கடைசியாக, கைவிரலால் தடவிப் பாருங்கள். பெட்டியின் விளிம்புகள் முற்றிலும் நேராக இரா. திருகுத் தலைகளின் பிளவு நடுவில் விழுந்திராது. நெம்புகோலின் உட்புறம், யாரும் பார்க்காத இடத்தில், அரம் ஓடிய வரிகள் அப்படியே நிற்கும். வெளிப்பக்கத்தைத் தேய்த்து மெருகேற்றியவர் உட்பக்கத்தை விட்டுவிட்டார். இந்த வரிகளில்தான் அவரை நாம் சந்திக்கிறோம். முகப்பில் இருப்பது வேறொருவரின் பெயர். உள்ளே இருப்பது அவருடைய கை.

மூன்று முத்திரைகள்

நகல் என்றாலே பெயர் திருட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நம் துணைக்கண்டத்திலேயே மூன்று விதமான மரபுகள் இருந்திருக்கின்றன.

முதலாவது ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு சுல்தானின் பட்டறைகளில் ஐரோப்பியப் பூட்டு முறையைப் பார்த்துச் செய்த துப்பாக்கிகள் 1799-ல் கோட்டை வீழ்ந்தபின் பிரிட்டனுக்குப் போயின. பொறிமுறை வெளியிலிருந்து வந்தது. ஆனால் அவற்றில் புலி முகமும் புலி வரிகளும் இருக்கும். செய்தவர் பெயரும், செய்த இடமும், ஆண்டும் பொறித்திருக்கும். இன்று அவை உலகின் பெரிய சேகரிப்புகளில் இருக்கின்றன; அவற்றை யாரும் போலி என்று சொல்வதில்லை.

இரண்டாவது நேபாளம். நவீனத் துப்பாக்கிகள் நேபாளத்துக்குப் போய்ச் சேராமல் பிரிட்டிஷ் இந்தியா பார்த்துக்கொண்டது. நேபாளத்தை ஆண்ட ராணாக்கள் தங்கள் ஆலைகளிலேயே மார்ட்டினி வகைத் துப்பாக்கிகளைச் செய்துகொண்டார்கள். பிரதமர் பீர் ஷம்ஷேரின் மகன் ஜெனரல் கஹேந்திர ஷம்ஷேர் வடிவமைத்த ரைஃபிள் இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. பார்வைக்கு மார்ட்டினி, உள்ளே பொறியமைப்பு வேறு. அதன்மேல் இருப்பது தேவநாகரி எழுத்து. காத்மாண்டுவின் லகன் சிலேகானா கிடங்கில் பல தலைமுறைகளாக அடுக்கிக் கிடந்த பழைய ஆயுதங்களை 2003-ல் அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கிப்போனார்கள். மெழுகும் அழுக்கும் படிந்த அந்தத் துப்பாக்கிகள் சந்தைக்கு வந்தபிறகுதான், கஹேந்திரா என்று ஒன்று இருந்ததையே பல சேகரிப்பாளர்கள் அறிந்தார்கள்.

மூன்றாவது தர்ரா. இங்கே அரசு இல்லை, அரண்மனை இல்லை. சந்தை மட்டுமே உண்டு. திப்புவின் கொல்லனுக்குச் சுல்தான் சம்பளம் கொடுத்தார்; அவன் தன் பெயரைப் போட முடிந்தது. தர்ராவின் கொல்லன் கடைத்தெருவில் வாங்குபவரின் முகம் பார்த்துப் பிழைத்தான். வாங்குபவருக்கு வேண்டியது என்ஃபீல்டு. ஆகவே என்ஃபீல்டு என்று வெட்டினான். தன் பெயரை மறைத்தது அவனுடைய தாழ்வு மனப்பான்மையால் என்று நான் நினைக்கவில்லை. சந்தை அவன் பெயருக்கு விலை வைக்கவில்லை.

இதே லீ-என்ஃபீல்டை வங்காளத்தின் இஷாப்பூரில், 1904-ல் தொடங்கிய அரசு ஆலையும் செய்தது. ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும் செய்தார்கள். அவற்றை நாம் நகல் என்று சொல்வதில்லை. உரிமம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு: அளவுமானி, எஃகைப் பதமாக்கும் முறை, அழுத்தச் சோதனை. இந்த மூன்றும் இஷாப்பூரில் இருந்தன, தர்ராவில் இல்லை. சுடுவது பற்றிய கேள்வி இந்த மூன்றிலேயே அடங்கியிருக்கிறது.

சேர்ப்பவர்கள்

நெடுங்காலம் மேலைச் சேகரிப்பாளர்கள் இவற்றைக் கையால் தொடவில்லை. அசல் மார்ட்டினி வாங்கப் போய் ஏமாந்து கைபர் நகலோடு திரும்பியவர்களின் எரிச்சல்தான் பேச்சில் மிஞ்சியது. 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் பாசறையை ஒட்டிய கடைகளில் இவற்றைக் கண்டார்கள். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிச் சட்டம் 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கியைத் தொல்பொருளாகக் கருதுகிறது. அப்படிப்பட்டவை என்று சான்று பெற்றுப் பலர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

கடைக்காரர்களுக்கு இது எட்டாமலா போகும்? 1898-க்கு முந்தைய ஆண்டுகளைத் தாங்கிய மார்ட்டினிகள் திடீரெனப் பெருகின. புதிதாகச் செய்து, மரத்துக்குக் கறையேற்றி, இரும்புக்குத் துருவேற்றி, விக்டோரியா காலத்து ஆண்டை வெட்டி விற்றார்கள். சட்டம் கேட்பது உண்மையில் செய்த ஆண்டை. துப்பாக்கிமேல் எழுதிய ஆண்டை அல்ல. அந்த வேறுபாடு தெரியாமல் வாங்கியவர்கள் ஏராளம்.

ஆகவே இன்று சந்தையில் மூன்று அடுக்குகள் கலந்து கிடக்கின்றன. போரிடுவதற்காக 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ன் தொடக்கத்திலும் செய்தவை முதல் அடுக்கு. கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடவும், குலப்பகைக்கும், வீட்டுக் காவலுக்கும் என்று பின்னாளில் செய்தவை இரண்டாவது. வெளிநாட்டுச் சிப்பாய்க்கு நினைவுப்பொருளாக விற்பதற்கே செய்தவை மூன்றாவது. முதல் அடுக்கில் தேய்மானம் கை படும் இடங்களில் இருக்கும்: நெம்புகோலின் வளைவில், கட்டையின் கழுத்தில், தோளில் பதியும் அடித்தட்டில். மூன்றாவதில் அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். பழைய பித்தளைக் குடத்தையும், புளி போட்டுக் கறுக்கவைத்த புதுக் குடத்தையும் பிரித்தறியத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

என் கணக்கில் முதல் அடுக்குக்கு இருக்கும் மதிப்பு மூன்றாவதற்கும் உண்டு, காரணம்தான் வேறு. முதலாவது, ஒரு சாம்ராஜ்யத்தின் ஆயுதத்தை மலைக்குலங்கள் எப்படித் தமதாக்கின என்பதற்குச் சாட்சி. மூன்றாவது, இன்னொரு போர் இன்னொரு சந்தையை எப்படி உருவாக்கியது என்பதற்குச் சாட்சி. எதை எதுவென்று சொல்லி வைத்திருக்கிறோம் என்பதில்தான் சேகரிப்பாளரின் நேர்மை இருக்கிறது. கைபர் நகலை என்ஃபீல்டு என்று விற்பவர் ஏமாற்றுகிறார். அதை என்ஃபீல்டு இல்லை என்பதற்காகவே உருக்கிப் போடுபவர் ஓர் ஆவணத்தை அழிக்கிறார்.

இந்திய வாசகருக்கு ஒரு வார்த்தை. நம் 1959 ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. தொல்பொருள் மதிப்புள்ள பழைய ஆயுதங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒரு தனிநபர் உரிமத்தில் வைத்திருக்கக்கூடியவை பொதுவாக இரண்டுதான். 303 ராணுவத் தோட்டா பொதுமக்களுக்குக் கிடையாது. அதனால்தான் இஷாப்பூர் ஆலை அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் 315 ரைஃபிளைத் தனியாகச் செய்தது. ஆகவே இந்த ஆர்வம் நமக்குப் பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் நிறைவேற வேண்டிய ஆர்வம். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகும்போது முகப்பைப் பார்த்ததோடு நின்றுவிடாமல் விளிம்புகளையும் திருகுகளையும் பார்த்துப் பழகலாம்.

சுடலாமா?

இப்போது மூன்றாவது கேள்வி. பழைய துப்பாக்கியைச் சுடும் ஆசையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கருமருந்தின் வெண்புகை, தோளைத் தள்ளும் அந்த மெதுவான உந்துதல், குழலைக் கழுவும்போது எழும் கந்தக வாடை எல்லாம் புத்தகத்தில் கிடைக்காத அறிவு. அசல் மார்ட்டினி வைத்திருப்பவர்கள் 24 கேஜ் பித்தளைத் தோட்டாக் கூடுகளை நெளித்து, இன்று எளிதில் கிடைக்காத அந்தத் தோட்டாவைத் தாமே உருவாக்கிச் சுடுகிறார்கள். அந்தப் பொறுமை மதிக்கத்தக்கது.

நகல் விஷயத்தில் கருத்துகள் மூன்றாகப் பிரிகின்றன. ஒரு சாரார் ஒருபோதும் சுடக் கூடாது என்கிறார்கள். இன்னொரு சாரார், மார்ட்டினி நகலாக இருந்து, துப்பாக்கித் தொழில் தெரிந்தவர் சோதித்து, கருமருந்து மட்டும் போட்டால் சுடலாம் என்கிறார்கள். மூன்றாம் சாரார், அங்கே நூறு ஆண்டுகளாகச் சுட்டுக்கொண்டுதானே இருந்தார்கள் என்கிறார்கள்.

மூன்றாம் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே சுட்டார்கள் என்பது உண்மை. எந்தத் தோட்டாவைச் சுட்டார்கள் என்பதுதான் கேள்வி. அந்தத் துப்பாக்கிகளோடு பிறந்தவை பெரும்பாலும் அங்கேயே கையால் நிரப்பிய தோட்டாக்கள். ஆலைத் தோட்டா வேறு வகை. 303-க்கு ஐரோப்பியத் தர அமைப்பு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 3,650 பார். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல். அந்த அழுத்தம், சுடுபவரின் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், கணநேரத்தில் எழுகிறது. அதைத் தாங்குவது எஃகின் பதம். தண்டவாள எஃகு மட்டமானதன்று. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு கடினம், எந்த இடத்தில் எவ்வளவு நெகிழ்வு வேண்டும் என்று வெப்பத்தால் பக்குவப்படுத்தாதவரை அது துப்பாக்கி எஃகு ஆகாது. கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு ஆபத்து இடைவெளி. தோட்டாவின் அடிப்பாகமும் அதைத் தாங்கும் இரும்பு முகமும் ஒட்டி நிற்க வேண்டும். மெத்தென்ற இரும்பில் ஒவ்வொரு வெடியும் அந்த முகத்தைச் சற்றுச் சற்றாகப் பின்னுக்குத் தள்ளும். ஐம்பது முறை ஒன்றும் ஆகாது. ஐம்பத்தொன்றாவது முறை பித்தளைக் கூடு கிழிந்து, கொதிக்கும் வாயு கண்ணை நோக்கிப் பாயும். கருமருந்துக்காக அமைந்த மார்ட்டினியின் உருவத்தில் 303 குழலைப் பொருத்திய எல்லைப்புற நகல்கள் இந்த வகையில் மிகக் கொடியவை. வெளியே பார்த்தால் அரசு ஆலைகளில் முறையாக மாற்றியமைத்த மார்ட்டினி-என்ஃபீல்டு போலவே இருக்கும்.

இரண்டாம் சாராரின் வழி கவனமானது. துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டிவைத்து, நீண்ட கயிற்றால் விசையை இழுத்துச் சோதிக்கிறார்கள். காந்தத்தூள் தூவி நுண்விரிசல் தேடுகிறார்கள். ஆனால் இந்தச் சோதனைகள் சொல்வதெல்லாம் இன்று தாங்கியது என்பதையே. நாளைக்கும் தாங்கும் என்று அவை சொல்வதில்லை. அளவறிந்த எஃகுக்கு ஒரு சோதனை போதும். அளவறியாத எஃகுக்கு நூறும் போதா.

முத்திரைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் லண்டன், பர்மிங்காம் ஆகிய இரண்டு ஊர்களில் துப்பாக்கிச் சோதனைச் சாலைகள் உண்டு. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவை அங்கே வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால் மட்டுமே முத்திரை. அந்த முத்திரை இல்லாமல் விற்பது 1868-ன் சட்டப்படி அங்கே குற்றம். ராணுவத் துப்பாக்கிகளுக்கும் இதுபோன்ற அரசு முத்திரை உண்டு. தர்ராவின் உளி கிரீடத்தையும் ஆண்டையும் வெட்டியதுபோல இந்தச் சோதனை முத்திரையையும் வெட்டியிருக்கிறது. எனக்கு வருத்தம் தருவது இது ஒன்றே. என்ஃபீல்டு என்று எழுதியதை வணிகம் என்று மன்னித்துவிடலாம். திரும்பிய எழுத்தை அன்போடு பார்க்கலாம். சோதனை முத்திரை சுடுபவரின் உயிருக்குக் கொடுத்த வாக்கு. வெட்டியவருக்கு அது வெறும் அலங்காரக் கோலம். நம்பியவருக்கு அது கண்.

ஆகவே என் விடை முதல் சாராரோடு சேர்கிறது. சுட விரும்புகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள அசல் ஆலைத் துப்பாக்கி உண்டு. இத்தாலியின் கார்தோனே வால் ட்ரோம்பியாவில் நவீன எஃகில் செய்து, அங்கேயே சோதனை முத்திரை பெற்று வரும் பழைய மாதிரிகள் உண்டு. சுடும் அனுபவத்தை அவை முழுமையாகவே தரும். கைபர் துப்பாக்கி தர வேண்டியது அந்த அனுபவம் இல்லை.

இன்றும் தொடரும் கேள்வி

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். பழைய போர்களை நடித்துக் காட்டும் குழுக்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கனடாவிலும் நிறைய உண்டு. அவர்கள் தோளில் தூக்கும் 18-ம் நூற்றாண்டு மாதிரி மஸ்கட் வகைத் துப்பாக்கிகளில் கணிசமானவை இந்தியாவில் செய்தவை. குழலுக்கு நெருப்பு போகும் சிறுதுளையை இடாமலே பல கப்பலேறுகின்றன. துளையில்லாதது அலங்காரப் பொருள், துளையிட்டால் துப்பாக்கி. போன இடத்தில் வாங்குபவர் துளையிட்டுக்கொள்கிறார். சிலர் முறையான சோதனைக்கு அனுப்புகிறார்கள், பலர் அனுப்புவதில்லை. இவை பாதுகாப்பானவையா என்ற வாதம் ஓயாமல் நடக்கிறது. இரு தரப்பும் பெரும்பாலும் அனுபவத்தையே சாட்சியாகக் காட்டுகின்றன: எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னொருவருக்கு வெடித்தது.

இங்கும் செய்தவர் பெயர் எழுதப்படுவதில்லை. தண்டவாள எஃகுக்குப் பதில் குழாய் எஃகு, கடைத்தெருவுக்குப் பதில் கப்பல். மற்றபடி நூறாண்டுக்கு முந்தைய தர்ராவின் அதே நிலை. இந்தக் கைவினைஞர்கள் தங்கள் பெயரை வெட்டி, சோதனைச் சாலையின் உண்மையான முத்திரையோடு தங்கள் சரக்கை அனுப்பும் நாள் வந்தால், ‘நாட்டுத் துப்பாக்கி’ என்ற சொல்லே மரியாதை பெறும்.

என்ன செய்ய வேண்டும்

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். போலியா, கைவினையா? முகப்பில் இருக்கும் முத்திரைகளைக் கேட்டால் போலி. உள்ளே ஓடும் அரத்தின் வரிகளைக் கேட்டால் கைவினை. இரண்டும் ஒரே இரும்பில் இருக்கின்றன. ஒன்றை மறைத்து இன்னொன்றைப் பேசுவதில் பயனில்லை. சேகரிப்பாளர் இரண்டையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

எழுதி வைப்பது என்று சொல்வதைச் சொல்லுக்குச் சொல் செய்ய வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியின் உறுப்புகளையும் அளந்து, முத்திரைகளை நெருக்கத்தில் படமெடுத்து, எங்கே வாங்கியது என்று குறித்து வைத்தால், ஒரே கை வெட்டிய கிரீடங்கள் பல துப்பாக்கிகளில் தென்படத் தொடங்கும். ஒரே விதமாகத் திரும்பிய எழுத்து, ஒரே விதமாகச் சாய்ந்த அம்புக்குறி. பெயர் கிடைக்காவிட்டாலும் இன்ன கை என்று சொல்ல முடியும். கோயில் சிற்பங்களில் பெயரறியாத சிற்பியின் உளிப்போக்கைப் பிரித்தறிவதில்லையா, அதுபோல. ஒரு துப்பாக்கி வெடித்துச் சிதறினால் போவது ஒருவரின் கண் மட்டுமா? அந்தக் கையின் தடயமும் சேர்ந்தே போகிறது.

தர்ரா ஆதம் கேல் 2018-ல் மற்றப் பழங்குடிப் பகுதிகளோடு கைபர் பக்தூன்க்வா மாகாணத்தில் சேர்ந்தது. அதே ஆண்டில் அங்கே, துப்பாக்கிக் கடைகளுக்கு நடுவே, ஒரு நூலகம் திறந்தார்கள். கண்ணால் பார்த்துக் கையால் செய்த தலைமுறைகள் வாழ்ந்த ஊர் அது. அந்தப் பட்டறைகளில் யார் யார் இருந்தார்கள், எந்தக் குடும்பம் எதில் வல்லது, சுழல்வரி இழுக்கும் பலகையை எப்படி அமைத்தார்கள் என்பதெல்லாம் இன்னும் சில முதியவர்களின் நினைவில் இருக்கும். அதை அந்த ஊர்ப் பிள்ளைகளே கேட்டு எழுதி, அந்த நூலக அலமாரியில் வைக்க வேண்டும். வெளிநாட்டுச் சுவர்களில் தொங்கும் திரும்பிய எழுத்துத் துப்பாக்கிகளுக்குச் செய்தவர் பெயரைக் கொடுக்க வேறு யாராலும் முடியாது.